சோர்வுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு: தலசீமியாவோடு படிக்கும் எமது பிள்ளைகள்

வகுப்பு இடாப்பைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கின்ற ஆசிரியருக்கு, சில பிள்ளைகளின் வரவில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். இரண்டு, மூன்று வாரங்கள் தவறாமல் வருவார்கள். அதற்குப் பிறகு முகம் வெளிறும். காலைக் கூட்டத்தில் நிற்க முடியாமல் தடுமாறுவார்கள். மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலையை வைத்துவிடுவார்கள். பிறகு இரண்டு நாட்கள் வரவே மாட்டார்கள். அடுத்த வாரம் திரும்பி வரும்போது வேறு பிள்ளை போல இருப்பார்கள். கேள்விக்குக் கை உயர்த்துவார்கள், சிரிப்பார்கள், விளையாடக்கூடக் கேட்பார்கள். மாதா மாதம் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இதைப் பார்க்கின்ற பலர் "சோம்பேறி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். "நல்லாத்தானே இருந்தான், இப்ப நடிக்கிறான்" என்பார்கள். மொனராகலை மாவட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் படிப்பிக்கிற ஆசிரியை என்ற வகையில் சொல்கிறேன், இது நடிப்பல்ல. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். ஊவா மாகாணத்தில் வாழும் எமக்கு இது தூரத்து நோய் அல்ல. ஆனாலும் அதோடு ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பது பற்றி எமது சமூகத்தில் பேச்சு மிகக் குறைவு.

உடலில் என்ன நடக்கிறது?

எமது இரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பது ஹீமோகுளோபின். நாம் மூச்செடுக்கும் ஒட்சிசனை மூளைக்கும் தசைகளுக்கும் சுமந்து செல்வதும் அதுதான். தலசீமியா உள்ள பிள்ளையின் உடலால் போதிய அளவு ஹீமோகுளோபினை உருவாக்க முடியாது. உருவாகின்ற சிவப்பணுக்களும் விரைவாக அழிந்துவிடும். ஆகவே கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டிலிருந்து ஐந்து வாரங்களுக்கு ஒரு தடவை, பொதுவாக மாதத்துக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும்.

மேலே சொன்ன ஒழுங்கின் காரணம் இதுதான். இரத்தம் ஏற்றியவுடன் ஹீமோகுளோபின் உயரும். பிள்ளை தெளிவாக இருக்கும். நாட்கள் போகப் போக அது இறங்கும். அடுத்த தடவை ஏற்றுவதற்கு முன்னர் 9 அல்லது 10 கிராமுக்கு வந்திருக்கும். கிளினிக் தள்ளிப்போனாலோ இரத்தம் கிடைக்கத் தாமதமானாலோ அதைவிடவும் இறங்கும். அந்தக் கடைசி வாரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், கால்களும் இடுப்பும் உளையும். வாசித்த வரியையே மூன்று தடவை வாசிக்க வேண்டி வரும். மூளைக்குப் போகும் ஒட்சிசன் குறைந்திருக்கும்போது கணிதத்தில் கவனம் வைப்பது எளிதான காரியமல்ல. அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பதே ஒரு உழைப்பு.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. ஏற்றப்படும் ஒவ்வொரு பைன்ட் இரத்தத்தோடும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உடலுக்குள் போகிறது. மனித உடலுக்கு மேலதிக இரும்பை வெளியேற்றுகின்ற வழி கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் போய்ப் படியும். வளர்ச்சி குறையும், வயதுக்கு வருவது தாமதமாகும், எலும்பு பலவீனமாகும். இந்த இரும்பை வெளியேற்ற ஒரு சிறிய பம்பியின் மூலம் தோலுக்கு அடியில் மருந்து செலுத்துவார்கள். ஓர் இரவில் 8 முதல் 12 மணித்தியாலம், வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள். இப்போது பலருக்கு வாயால் எடுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. ஆனால் அதுவும் தினமும் எடுக்க வேண்டியது, சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வயிற்றில் ஊசியோடு படுத்துவிட்டுக் காலையில் ஏழரைக்குப் பாடசாலை வாசலில் நிற்கின்ற பிள்ளையை "ஏன் தூங்கி வழியிறாய்?" என்று கேட்பதற்கு முன்னர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் நோய் ஒரே அளவில் இருப்பதில்லை. இலங்கையில் ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா என்ற வகையும் கணிசமாக உண்டு. அந்த வகையில் சிலர் மாதா மாதம் இரத்தம் ஏற்றாமலே சமாளிப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஹீமோகுளோபின் எப்போதும் குறைவாகவே இருக்கும். அவர்களின் சோர்வுக்கு ஏற்ற இறக்கம் குறைவு, அது நிரந்தரமாகக் கூடவே இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் அதிகம் ஏச்சுக் கேட்பதும் இவர்கள்தான்.

ஏன் எமது பக்கத்தில்?

இந்த நோயை 1925 இல் அமெரிக்காவின் டெட்ரோய்ட் நகரத்து வைத்தியர் தோமஸ் கூலி முதலில் விபரித்தார். மத்தியதரைக் கடலோர மக்களிடம் அதிகம் காணப்பட்டதால் கடல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பிறகுதான் ஆசியாவில் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரியவந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் வெதரோல், எமது நாட்டின் பேராசிரியர் அனுஜ பிரேமவர்தன ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் இலங்கையில் பல வருடங்கள் ஆய்வு செய்தார்கள். 2000 ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான அவர்களின் ஆய்வு, இந்த நாட்டில் எந்த நேரத்திலும் சிகிச்சை தேவைப்படுகின்ற நோயாளர்கள் 2000 பேருக்கு மேல் இருப்பார்கள் என்று கணித்தது.

குருநாகல், அநுராதபுரம், பதுளை போன்ற இடங்களில் நோயாளர் அதிகம். தலசீமியா மரபணுவை ஒரு பக்கத்தில் மட்டும் சுமப்பவர்களுக்கு மலேரியாவுக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மலேரியா தலைமுறை தலைமுறையாக ஆட்டிப்படைத்த பிரதேசங்களில் அந்த மரபணு தங்கிவிட்டது. ஊவாவின் வறண்ட பகுதிகளும் அப்படிப்பட்டவைதான். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அது விட்டுச்சென்ற மரபணு எமது இரத்தத்தில் இருக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. இது யாருடைய பாவத்துக்கும் தண்டனையும் அல்ல, கண்ணூறும் அல்ல.

மறைப்பதால் யாருக்கு நட்டம்?

எமது வீடுகளில் இந்த நோய் மறைக்கப்படுகிறது. "பொம்புளப் புள்ள டீச்சர், வெளிய தெரிஞ்சா நாளைக்கு மாப்புள வராது" என்று ஓர் உம்மா என்னிடம் சொன்னார். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மறைத்ததன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. காரணம் தெரியாத ஆசிரியர் வெயிலில் நிற்க வைக்கிறார். காரணம் தெரியாத நண்பர்கள் உயரம் குறைவு என்று கேலி செய்கிறார்கள். விடுமுறைக்குப் பொய்க் காரணம் எழுதி எழுதிப் பிள்ளைக்குப் பாடசாலையே வெறுத்துவிடுகிறது. சாதாரண தரத்துக்கு முன்னரே நின்றுவிடுகிறார்கள். "இந்த உடம்போட படிச்சு என்ன செய்யப் போறான்?" என்று குடும்பத்தவர்களே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும். எமது மாவட்டத்தில் படிப்பு இல்லாதவனுக்கு என்ன வேலை இருக்கிறது? பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு வெட்டலாம். றப்பர் பால் எடுக்கலாம், சேனை செய்யலாம், கடையில் மூட்டை தூக்கலாம். தோட்டத்துப் பிள்ளையென்றால் மலையேறிக் கொழுந்து பறிக்கலாம். எல்லாமே உடம்பை நம்பிய வேலைகள். உடம்பை நம்ப முடியாத பிள்ளைக்கு உட்கார்ந்து செய்யும் தொழில் வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆரோக்கியமான பிள்ளை படிக்காவிட்டால் எப்படியாவது உழைத்துச் சாப்பிடும். தலசீமியாவோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வழி இல்லை. ஆகவே மற்றப் பிள்ளைகளைவிட அதற்குத்தான் படிப்பு அதிகம் தேவை.

"எவ்வளவு காலம் இருக்கப் போகுதோ" என்ற பேச்சும் பழைய காலத்துப் பேச்சு. ஒழுங்காக இரத்தம் ஏற்றி, இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தவறாமல் எடுப்பவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். தொழில் செய்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அந்த வயதுக்கு வரப்போகும் ஒரு மனிதரைத்தான் நாம் இன்று எட்டாம் வகுப்பில் வைத்திருக்கிறோம்.

நாட்காட்டியை வைத்துப் படித்தல்

இந்தப் பிள்ளைகளின் சோர்வு கண்மூடித்தனமாக வருவதல்ல. அதற்கு ஒரு நாட்காட்டி உண்டு. அந்த நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டால் படிப்பைக் காப்பாற்றலாம். மாணவர்களோடும் பெற்றோரோடும் இருந்து செய்து பார்த்துப் பலன் கண்ட முறையை இங்கே சொல்கிறேன்.

வீட்டுச் சுவரில் இருக்கும் கலண்டரில் இரத்தம் ஏற்றும் திகதியை முதலில் குறியுங்கள். ஏற்றிய நாளும் மறுநாளும் ஓய்வு. மொனராகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போய்வருகின்ற வளைவுப் பாதைப் பயணமே பெரியவர்களைக் களைக்க வைக்கும். அதன் பிறகு வருகின்ற ஏறத்தாழ இரண்டு வாரங்கள்தான் பொன்னான காலம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று புதிதாக விளங்கிக்கொள்ள வேண்டிய பாடங்களை அந்த நாட்களில் வையுங்கள். மூன்றாவது வாரத்தில் விளங்கியவற்றைப் பயிற்சி செய்வது, கடந்தகால வினாத்தாள்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். வரலாறு, இஸ்லாம், தமிழ் இலக்கியம் போன்றவற்றில் ஏற்கனவே படித்ததை வாசிப்பது, குறிப்புகளை ஒருவர் வாசிக்கக் கேட்பது, சூத்திரங்களைச் சிறு அட்டைகளில் எழுதிப் பார்ப்பது போதும். வைத்தியசாலைக் கட்டிலில் இரத்தம் ஏறுகின்ற மணித்தியாலங்களில் சில பிள்ளைகள் அந்த அட்டைகளையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது விடயம், தெளிவான நாளில் அளவு மீறாமல் இருப்பது. இது பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமான பாடம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுப்போன எல்லாவற்றையும் ஓர் இரவில் பிடிக்கப் பார்ப்பார்கள். நள்ளிரவு வரை எழுதுவார்கள். அடுத்த இரண்டு நாட்கள் படுத்துவிடுவார்கள். நீண்டகால வலியோடும் களைப்போடும் வாழ்பவர்களுக்கு உலகெங்கும் சொல்லிக் கொடுக்கப்படும் முறை இதற்கு நேர் மாறானது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஓர் அளவோடு செய். களைத்த பிறகு ஓய்வெடுக்காதே, களைப்பதற்கு முன்னரே எடு. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. ஓய்வு என்றால் போனைப் பார்ப்பதல்ல. எழுந்து நடப்பது, கண்ணை மூடிச் சாய்ந்திருப்பது. நாளொன்றுக்கு இருக்கும் சக்தியைக் கைச்செலவுக் காசு போல எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் காலையிலேயே செலவழித்துவிட்டால் பின்னேரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

இங்கே எமது பிள்ளைகளின் நாளையும் பார்க்க வேண்டும். காலையில் பாடசாலை, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, அதற்குப் பிறகு டியூஷன், வார இறுதியில் இன்னும் இரண்டு வகுப்பு. ஆரோக்கியமான பிள்ளையே இதைத் தாங்குவது சிரமம். தலசீமியா உள்ள பிள்ளைக்கு இவற்றில் ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டும். மாதத்தின் கடைசி வாரத்தில் டியூஷனை நிறுத்துங்கள். மத்ரஸா உஸ்தாதிடம் பேசி ஓதல் பாடத்தை அந்த நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொன்னால் மறுப்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது, வலி. இடுப்பும் முதுகும் எலும்பும் நோவது இந்த நோயில் சாதாரணமாகக் காணப்படுவது. வயது ஏற ஏற அது கூடும். எண்ணெய் தடவுவதோடும் பாம் பூசுவதோடும் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். எலும்பின் வலிமையைப் பார்த்து அதற்குத் தேவையான மருந்து தருவார்கள். பாடசாலையில் செய்யக்கூடியவை எளியவை. முதுகு சாய்கின்ற கதிரை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்க அனுமதி, கீழ்மாடியில் வகுப்பறை. புத்தகப் பையின் பாரத்தைக் குறைக்க, பழைய மாணவர்களிடமிருந்து இன்னொரு தொகுதிப் பாடநூல்களை வாங்கி ஒன்றை வகுப்பிலும் ஒன்றை வீட்டிலும் வைக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

ஆசிரியர்களுக்கு

ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தோம். பிள்ளைகளின் வேறுபாடுகள் பற்றிப் படித்தோம். வகுப்பறையில் அதன் அர்த்தம் இதுதான்.

நோயைத் தெரிந்துகொண்ட ஆசிரியர் அதைப் பிள்ளையின் அனுமதியில்லாமல் வகுப்பில் சொல்லக் கூடாது. அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் ஆகிய நால்வருக்குத் தெரிந்தால் போதும். காலைக் கூட்டத்தில் உட்கார விடுங்கள். விளையாட்டிலிருந்து முழுமையாக ஒதுக்கிவிடாமல் முடிந்ததைச் செய்ய விடுங்கள். ஒதுக்கி வைப்பதும் ஒரு வலிதான். வராத நாட்களின் குறிப்பை யாராவது ஒரு நண்பர் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பும் ஒழுங்கைச் செய்து கொடுங்கள். தவணைப் பரீட்சையில் ஒரு பாடம் தவறினால் பிறகு எழுத விடுங்கள்.

இரண்டு விடயங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. பெனடோல் கொடுத்து மூலையில் படுக்க வைக்காமல் உடனே வீட்டுக்கு அறிவித்து வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அடுத்தது, இரும்புச் சத்து மாத்திரை. சாதாரண இரத்தச்சோகை இரும்பு போதாமல் வருவது, அதற்கு மாத்திரை மருந்து. தலசீமியாப் பிள்ளையின் உடலில் இரும்பு ஏற்கனவே மிதமிஞ்சி இருக்கிறது. பாடசாலையில் எல்லாருக்கும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும்போது, அதன் வைத்தியர் சொல்லாமல் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. "இரத்தம் ஊறட்டும்" என்று தினமும் ஈரல் சமைத்துக் கொடுக்கின்ற வீடுகளுக்கும் இது பொருந்தும். சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்கின்ற அந்தப் பழக்கம் இந்தப் பிள்ளைக்கு நல்லது.

பரீட்சைக் காலம்

உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலமாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு கேட்கப்படுகிறது. மாதா மாதம் விடுமுறை எடுக்கும் பிள்ளைக்கு இது நெருக்கடி. ஆகவே ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் உரிய மருத்துவச் சான்றை அன்றன்றே அதிபரிடம் கொடுத்துக் கோவையில் வைக்கச் செய்யுங்கள். வருடக் கடைசியில் ஓடித்திரிந்து பயனில்லை.

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற வசதிகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே அதிபர் ஊடாக மருத்துவ அறிக்கைகளோடு கேட்க வேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்காக அங்கேயே பரீட்சை நிலையம் அமைத்துக் கொடுக்கின்ற நாடு இது. கேட்டால் வழி இருக்கிறது. கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் எமது பிரச்சினை.

பரீட்சை நேர அட்டவணை வந்தவுடன் அதன் பிரதியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சாதாரண தரம் ஏறத்தாழப் பத்து நாட்களில் முடிந்துவிடும். அது தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர் இரத்தம் ஏற்றும்படி திகதியை மாற்றித் தரக் கேட்கலாம். உயர்தரம் அப்படியல்ல. மூன்று, நான்கு வாரங்கள் நீளும், அதாவது ஒரு முழுச் சுற்று. தொடக்கத்தில் தெளிவாக எழுதிய பிள்ளை கடைசிப் பாடத்தில் விழுந்துவிடலாம். இடையில் வருகின்ற நீண்ட இடைவெளியைப் பார்த்து இரத்தம் ஏற்றுவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்தால் அந்த விழுக்காடு தவிர்க்கப்படும்.

ஜமாஅத்தார் செய்யக்கூடியவை

நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம் என்பது சிறு வயதிலேயே எமக்குச் சொல்லித் தரப்படுகிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. சுகமாகும் நோயென்றால் பிறகு கழா செய்யலாம், சுகமாக வாய்ப்பில்லாத நோயென்றால் பித்யா கொடுக்கலாம். கடமையான இபாதத்திலேயே உடம்பைப் பார்த்து இலகுபடுத்தியிருக்கின்ற மார்க்கத்தைப் பின்பற்றுகின்ற நாம், வகுப்பறையில் உட்கார அனுமதி கேட்கும் பிள்ளைக்கு அதை மறுக்கலாமா? நோன்பு மாதத்தில் "எல்லாரும் பிடிக்கிறாங்க, நீ மட்டும் ஏன்?" என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளைக் குத்துகிறது. பிடிப்பதா விடுவதா என்பதை வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டுக் குடும்பம் தீர்மானிக்கட்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வதும் ஒரு நன்மைதான்.

இரத்தம் கடையில் விற்கப்படும் பொருளல்ல. தேசிய குருதி மாற்றுச் சேவை முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களை நம்பியே இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரையிலான, 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள, ஆரோக்கியமான எவரும் நான்கு மாதங்களுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ரமழான் பகலில் எமது ஆட்கள் கொடுப்பது குறைவது இயல்பு. ஆனால் ரமழானிலும் அந்தப் பிள்ளைக்கு இரத்தம் வேண்டும். ஷஃபானில் ஒரு முகாம், ஷவ்வாலில் ஒரு முகாம் என்று எமது பள்ளிவாசல்கள் ஒழுங்கு செய்தால் ஒரு பிள்ளையின் கிளினிக் தள்ளிப்போகாது. கிளினிக் தள்ளிப்போகாவிட்டால் அதன் பாடமும் தள்ளிப்போகாது.

மொழியும் ஒரு தடை. எமது மாவட்டத்து வைத்தியசாலைகளில் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் சிங்களம். தமிழ் மட்டுமே தெரிந்த உம்மாமார், தோட்டத்துத் தாய்மார், வைத்தியர் சொன்னதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிறார்கள். மருந்தின் அளவையும் பரீட்சைத் திகதியையும் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. சிங்களம் நன்கு தெரிந்த இளைஞர்கள், யுவதிகள் மாதத்தில் ஒரு காலைப்பொழுதைக் கிளினிக்கில் செலவழித்தால் அது பெரிய ஸதகா. முஸ்லிம் பிள்ளை, தோட்டப் பிள்ளை என்று பார்க்காமல் செய்ய வேண்டும்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் இருவரும் நோயைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடுமையான தலசீமியாவோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் மட்டும் சுமந்தால் அந்த ஆபத்து இல்லை. சுமப்பவருக்கு நோய் எதுவும் தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். குடும்பத்துக்குள்ளே திருமணம் செய்கின்ற வழக்கமுள்ள எமக்கு இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ குடும்ப சுகாதார மாதுவிடமோ விசாரியுங்கள். மஹர் பேசுவதற்கு முன்னர் இதைப் பேசுவதில் வெட்கமில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கும் இதுவே

தலசீமியாவைப் பற்றி எழுதினேன். ஆனால் மூட்டு வாதத்தோடு படிப்பவர், சிக்குன்குனியா வந்து மாதக் கணக்கில் மூட்டு நோவோடு இருப்பவர், மாதவிடாய் வந்தால் இரண்டு நாள் சுருண்டு படுக்கும் மாணவி ஆகியோருக்கும் இதே முறை பொருந்தும். "பொம்புளைகளுக்கு அது சாதாரணம்" என்று கடுமையான மாதவிடாய் வலியை ஒதுக்கிவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த நோயாக இருந்தாலும் மூன்று மாதங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எந்த நாளில் வலி, எந்த நேரத்தில் களைப்பு, என்ன செய்த பிறகு கூடியது. பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியவரும். தெரிந்துவிட்டால் அதற்கேற்றபடி படிப்பை மாற்றலாம். அந்தக் கொப்பி வைத்தியருக்கும் உதவும்.

வருடா வருடம் மே 8 ஆம் திகதி உலக தலசீமியா தினம். அன்று பாடசாலைகளில் ஒரு சுவரொட்டி ஒட்டுவதோடு நிறுத்த வேண்டாம். இந்த வாரமே உங்கள் வகுப்பு இடாப்பை எடுத்துக் கடந்த மூன்று மாத வரவைப் பாருங்கள். அந்த ஒழுங்கு எந்தப் பெயருக்கு நேரே தெரிகிறதோ, அந்தப் பிள்ளையின் வீட்டாரோடு தனியாகப் பேசுங்கள். பெற்றோரே, கேட்க வருகின்ற ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். பிள்ளையின் அடுத்த கிளினிக் திகதியைச் சொல்லுங்கள், அதிலிருந்து பாடத்திட்டம் போடலாம்.

— மொனராகலையிலிருந்து ஓர் ஆசிரியை